உரோமர் நாணயமும் மலைநாட்டுத் தராசும்

அதிகாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன முடியும் செங்கோலும் படையும் பாராளுமன்றமுமே. ஆயின் மனிதன் மனிதன்மேற் செலுத்தும் ஆணையிற் பெரும்பகுதி அரண்மனைகளில் நிகழ்வதன்று. வகுப்பறையிலும், கந்தோரிலும், கடையிலும், வீட்டுத் திண்ணையிலும், தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலுமே அது நாள்தோறும் நிகழ்கின்றது. பேரரசன் கையிலிருக்கும் வாளும் சிற்றலுவலன் கையிலிருக்கும் பேனாவும் அளவால் வேறுபட்டனவே அன்றி இயல்பால் வேறுபட்டன அல்ல. இவ்வுண்மையை நன்குணர்ந்தவர்கள் பழைய உரோமர். அவர்கள் அதிகாரத்தைப் பற்றியும் மனித இயல்பைப் பற்றியும் சிந்தித்தவற்றுட் சிலவற்றை இவ்விழா மலரிற் கூறப் புகுகின்றேன்.

உரோமரைப் பற்றிப் பேசுதற்கு எனக்கு என்ன உரிமை என்று சிலர் வினவலாம். என் தந்தையாரும் இக்கல்லூரியின் பழைய மாணவர். இலண்டன் மற்றிக்குலேசன் பரீட்சைக்காக இலத்தீன் கற்றவர். யான் 1970 ஆம் ஆண்டிற் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிற் சின்னக் கிளாக்கராகச் சேரப் புறப்பட்டபோது, தம் பெட்டியிலிருந்த பழைய நூல்களுட் சிலவற்றை அவர் என்னிடம் தந்தார். அவற்றுட் செனெக்காவின் கட்டுரைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒன்று. பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே உயர்ந்து நிற்கும் அம்மலைகளில், மாலை ஐந்து மணிக்கே பனிமூட்டம் வந்து கதவைத் தட்டும். விளக்கொளியில் நூலைப் புரட்டுவதன்றி வேறு பொழுதுபோக்கு அங்கே இல்லை. அவ்வாறு கற்றதே யான் கற்ற உரோமம்.

முதலில் உரோமரையும் நம் தீவையும் இணைக்கும் ஒரு வரலாற்றைக் கூறுவேன். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட குளோடியசு பேரரசன் காலத்தில், செங்கடலில் வரி அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அன்னியசு புளோகாமசு என்பவர். அவரால் விடுதலை செய்யப்பட்ட முன்னாள் அடிமை ஒருவன் அராபியக் கரையோரமாகக் கப்பலிற் செல்லும்போது காற்றினால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் தப்புரொபேன் என்று மேனாட்டார் அழைத்த இலங்கையின் துறைமுகமொன்றை அடைந்தான். அரசன் அவனை ஆறு மாதம் விருந்தினனாக வைத்திருந்தான். அவனும் இந்நாட்டு மொழியைக் கற்று, உரோமரைப் பற்றி வினவியவற்றிற்கெல்லாம் விடை கூறினான். அவ்வரசனை மிகவும் வியப்பித்தது உரோமரின் படைபலமோ மாளிகையோ அன்று. அந்த அடிமையிடமிருந்த வெள்ளிக் காசுகளிற் பல்வேறு அரசர்களின் தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும், அவை யாவும் ஒரே நிறையுடையனவாய் இருந்தன. ஆட்சி மாறியும் அளவு மாறாத நாடு நேர்மையுள்ள நாடு என்று முடிவு செய்த அரசன், இராக்கியா என்பானைத் தலைவனாகக் கொண்ட நால்வரைத் தூதராக உரோமாபுரிக்கு அனுப்பினான். இச்செய்தியைத் தம் இயற்கை வரலாறு என்னும் பெருநூலின் ஆறாம் புத்தகத்தில் எழுதி வைத்தவர், வெசூவியசு எரிமலை பொங்கிய கி.பி. 79 இல் உயிர் நீத்த மூத்த பிளினி என்பவர்.

நம் தமிழில் நாணயம் என்னும் ஒரு சொல்லே காசையும் நேர்மையையும் குறிக்கின்றது. அந்த இலங்கை மன்னன் தமிழ் அறிந்திருந்தானோ இல்லையோ, அச்சொல்லின் இரு பொருளையும் அறிந்திருந்தான் என்பதில் ஐயமில்லை.

பிளினி மேலும் சொல்வன சுவையானவை. இலங்கையில் மக்களே அரசனைத் தேர்ந்தெடுப்பராம். முதுமையும் சாந்த குணமும் உடையவனாயும், பிள்ளைகள் இல்லாதவனாயும் உள்ளவனையே தேர்வராம். பின்னர் அவனுக்குப் பிள்ளை பிறப்பின், ஆட்சி பரம்பரைச் சொத்தாகிவிடும் என்று அஞ்சி அவனை நீக்கிவிடுவராம். முப்பது பேர் அவனுக்கு ஆலோசகர். அவர்களுட் பெரும்பான்மையோர் உடன்பட்டாலன்றி ஒருவருக்கும் மரண தண்டனை இல்லை; அதற்கு மேலும் மக்களிடம் முறையிடலாம். அரசன் தவறு செய்யின் அவனை ஒருவரும் வெட்டுவதில்லை. எல்லோரும் அவனைவிட்டு முகந் திருப்பிக்கொள்வர், அவனோடு பேசவும் மறுப்பர், அதுவே அவனுக்கு மரணம். இந்நாட்டில் அடிமை வைத்திருப்பவர் எவரும் இல்லை என்றும் அவர் எழுதினார்.

இவையெல்லாம் மெய்யோ என வினவின், முழுவதும் மெய்யென்று கொள்ளுதல் அரிது. நம் வரலாற்று நூல்கள் கூறும் அரசுரிமை பெரும்பாலும் பரம்பரை வழியே சென்றது. அடிமைகளைப் பற்றிய குறிப்புகளும் அவற்றில் உண்டு. ஆகவே பிளினியின் சித்திரம் இலங்கையின் உருவத்தைக் காட்டுவதினும் உரோமரின் ஏக்கத்தையே மிகுதியாகக் காட்டுகின்றது எனலாம். நீரோவின் கொடுங்கோலையும் அவனுக்குப் பின்னெழுந்த உள்நாட்டுப் போரையும் கண்களாற் கண்ட ஒருவர், ஆட்சியாளன் இப்படியிருந்தால் எத்துணை நன்று என்று எண்ணியவற்றையெல்லாம் தொலைவிலுள்ள ஒரு தீவின்மேல் ஏற்றிப் பார்த்தார் போலும். ஆயினும் அவ்வேக்கத்தில் ஒரு பேரறிவு இருக்கின்றது. நல்லவனைத் தேடிப் பதவியில் அமர்த்தினாற் போதாது. நல்லவனும் கெட்டுப்போகக் கூடும் என்று எண்ணி, அவனைத் திருத்தவும் நீக்கவும் வழி வைத்திருத்தல் வேண்டும் என்பதே அது.

உரோமர் தம் குடியரசுக் காலத்தில் அவ்வழியை நன்கு வகுத்திருந்தனர். தலைமைப் பதவியில் இருவரை அமர்த்தினர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். அவர்தம் பதவிக்காலம் ஓராண்டே. பேரிடர்க் காலத்தில் முழு அதிகாரத்தையும் ஒருவனிடம் ஒப்படைத்த போதும், ஆறு மாதத்திற்கு மேல் அதை வைத்திருக்க விடவில்லை. கி.மு. 458 இற் கலப்பையை விட்டெழுந்து வந்து பகைவரை வென்ற சின்சினாத்தசு, பதினாறாம் நாளே அப்பதவியைத் துறந்து மீண்டும் வயலுக்குச் சென்றான் என்பது அவர்தம் மரபு. எளிய மக்களைக் காக்கத் திரிபியூன் என்னும் காவலரை ஏற்படுத்தினர். அக்காவலன் தடையென்று ஒரு சொற் சொன்னால் மேலவர் ஆணையும் நின்றுவிடும். அவனுடைய வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்தே இருத்தல் வேண்டும் என்பது விதி. முறையிட வருபவன் பூட்டிய கதவைக் கண்டு திரும்பலாகாது என்று கருதினர் அம்மக்கள். நம் காலத்துக் கந்தோர்கள் சிலவற்றின் வாயிலில் எழுதி மாட்டத்தக்க விதி இது!

பதவி முடிந்தபின் கணக்குக் கேட்கும் வழக்கமும் இருந்தது. மாகாணங்களைக் கொள்ளையிட்ட ஆளுநரை விசாரிக்க கி.மு. 149 இல் நிலையான நீதிமன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. சிசிலித் தீவை மூன்றாண்டு சூறையாடிய வெரெசு என்பவனைக் கி.மு. 70 இற் சிசரோ அங்கே குற்றஞ் சாட்டியபோது, அவன் தீர்ப்புக்கு முன்னரே நாட்டைவிட்டு ஓடினான்.

இத்துணை வேலிகளையும் கட்டிய மக்கள் அவற்றைத் தாமே பிடுங்கியெறிந்தனர் என்பதே உரோம வரலாற்றின் சோகம். வெற்றியின் மயக்கத்திலும் பகைமையின் வேகத்திலும், இம்முறை மட்டும் என்று விதியைத் தளர்த்தினர். கி.மு. 44 இல் யூலியசு சீசர் வாழ்நாள் முழுவதற்கும் தனியதிகாரி ஆனான். பின்னர் வந்த பேரரசரைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஒன்றும் எஞ்சவில்லை. எஞ்சியது அறிவுரை ஒன்றே.

அறிவுரை கூறும் அப்பணியை ஏற்றவர் செனெக்கா. நீரோ பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருக்கும்போதே அவனுக்கு ஆசிரியராயினார், கி.பி. 54 இல் அவன் அரியணை ஏறியபின் அமைச்சர் போன்று விளங்கினார். இரக்கத்தைப் பற்றி அவனுக்கென்றே ஒரு நூல் எழுதினார். அரசனுக்குத் தன் முகத்தைக் காட்டும் கண்ணாடியாக அந்நூல் அமையவேண்டும் என்பது அவர் கருத்து. தேனீக்களின் அரசனுக்குக் கொடுக்கு இல்லை. பெருவலிமை உடையவன் தண்டிக்கும் கருவியை இழந்திருத்தல் வேண்டும் என்று இயற்கையே கற்பிக்கின்றது என அதிற் கூறினார். தேன்கூட்டின் தலைமை ஓர் இராணியே என்பதும், அதற்கும் கொடுக்கு உண்டு என்பதும் இன்று நாம் அறிந்தவை. உவமை பிழைத்தாலும் பொருள் பிழைக்கவில்லை.

அந்நூலில் வரும் ஒரு நிகழ்ச்சியே என் வாழ்வைத் தொட்டது. இருவரைக் கொல்லும்படி எழுதிய ஆணை ஒன்றைக் கையொப்பத்துக்காக இளைஞனான நீரோவிடம் கொண்டுவந்தபோது, எழுத்தே கற்காமல் இருந்திருக்கலாகாதா என்று அவன் வருந்தினானாம். அவ்வாறு வருந்திய அதே கை, ஐந்தாண்டுக்குள் பெற்ற தாயைக் கொல்ல ஆணையிட்டது. அச்செயலுக்குச் சமாதானம் கூறி மூதவைக்கு விடுத்த ஓலையை வரைந்து கொடுத்தவர் என்னும் பழி செனெக்காவையே சூழ்ந்தது. கி.பி. 65 இல், மாணவனின் ஆணைப்படி ஆசிரியர் தம் நரம்பைத் தாமே அறுத்து மாண்டார். அதற்குச் சற்று முன்னரே நீரோ வெள்ளிக் காசின் நிறையையும் குறைத்திருந்தான். ஓர் இறாத்தல் வெள்ளியிலிருந்து எண்பத்து நான்கு காசுகள் அடித்த இடத்திற் தொண்ணூற்றாறு அடிக்கலாயினர். வெள்ளியின் தூய்மையும் குறைந்தது. இலங்கை மன்னன் வியந்த நேர்மை ஒரு தலைமுறைக்குள்ளே போயிற்று.

இனி, உரோமரின் தோட்டங்களைப் பார்ப்போம். நம் மலைநாட்டார்க்கு மிகவும் பழக்கமான காட்சி அங்கே தோன்றும். நூற்றுக்கணக்கான அடிமைகள் வேலை செய்த பெருந்தோட்டங்கள் இத்தாலியிலும் சிசிலியிலும் இருந்தன. உரிமையாளன் நகரத்தில் வாழ்வான். தோட்டத்தை நடத்துபவன் ஒரு கண்காணி. மூத்த கேட்டோ எழுதிய வேளாண்மை நூலில், கிழட்டு எருதையும் பழைய வண்டியையும் விற்றுவிடச் சொல்லும் அதே வரிசையில் முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் விற்றுவிடச் சொல்கின்றார். தமக்காக உழைத்த எருதைக்கூட முதுமை காரணமாக விற்க மாட்டேன் என்று புளூட்டாக்கு பின்னர் இதனைக் கண்டித்தார். கி.மு. 135 இற் சிசிலியில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது, கொடியவனாகிய தாமோபிலசு என்னும் முதலாளியைக் கொன்றனர். அவனுடைய மகள் அடிமைகளிடம் அன்பு காட்டி வந்தவளாதலால், அவளுக்கு ஒரு தீங்கும் செய்யாது துணையோடு உறவினரிடம் சேர்ப்பித்தனர். ஒடுக்கப்பட்டவர்களுக்கு நினைவாற்றல் உண்டு. அது கொடுமையை மட்டும் நினைப்பதில்லை, இரக்கத்தையும் நினைக்கின்றது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில் வேளாண்மை பற்றிப் பன்னிரண்டு புத்தகங்கள் எழுதிய கொலுமெல்லா இன்னும் நுட்பமானவர். தோட்டத்துக்குச் செல்லும் உரிமையாளன், விலங்கிடப்பட்ட அடிமைகளையே முதலில் விசாரிக்க வேண்டும் என்றார். ஏனெனில் அவர்களுக்கு மேலே கண்காணி, வேலைத் தலைவன், சிறைக் காவலன் என்று பலர் இருப்பதால், அநீதி அவர்களையே மிகுதியாகச் சேரும். கொடுக்கப்படும் உணவை உரிமையாளன் தானே சுவைத்துப் பார்த்தல் வேண்டும் என்றும் கூறினார். அடிமை முறையை அவர் வெறுத்தவரல்லர். இலாபம் கருதியே எழுதினார். ஆயினும் ஒருவன் தலைக்குமேல் எத்தனை படிகள் உள்ளனவோ அத்தனை இடங்களில் அநீதி ஒளிந்துகொள்ளும் என்ற விதியை அவர் கண்டுகொண்டார்.

இவ்விதியை மெய்ப்பிக்க நம் மலைநாட்டினும் சிறந்த இடம் வேறில்லை. பெரியதுரை, சின்னதுரை, கிளாக்கர், கணக்கப்பிள்ளை, பெரிய கங்காணி, சில்லறைக் கங்காணி என்று படிமேற் படியாக அமைந்தது தோட்டத்து அதிகாரம். கங்காணி முன்பணம் கொடுத்து ஆட்களைத் தமிழகத்திலிருந்து கூட்டிவந்தான். அக்கடன் அவர்களை விலங்கின்றிக் கட்டியது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக வேண்டுமாயின் துண்டு என்னும் சீட்டு வேண்டும். அதிற் குறித்த கடனைப் புதிய தோட்டம் தீர்க்க வேண்டும். ஆளோடு கடனும் கைமாறியது. 1921 இலேயே சட்டத்தினால் இத்துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒரே நாள் வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது 1984 இலேயே வந்தது. இவர்கள் அடிமைகள் அல்லர். சட்டத்தின் முன் கூலி பெறும் தொழிலாளர். எனினும் கொலுமெல்லா சொன்ன படிகள் யாவும் அங்கே இருந்தன. அவற்றுள் ஒரு படியில் யானும் இருந்தேன்.

யான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு ஒரு மழைநாள். மாலை மடுவத்திற் கொழுந்து நிறுக்கின்றார்கள். யான் பதிவு செய்கின்றேன். நனைந்த கொழுந்துக்குத் தண்ணீர்ப் பாரம் கழிப்பது வழக்கம். எத்துணை கழிப்பது என்பது நிறுப்பவர் கண்மட்டம். குறித்த இறாத்தலுக்குக் குறைந்தால் அரைப்பேர். அதாவது பாதிநாட் கூலி. ஒரு முதிய பெண்ணின் கூடை, கழிவு போக, இரண்டு இறாத்தல் குறைவாக நின்றது.

“ஐயா, இன்னொருக்கா நிறுத்துப் பாக்கலாங்களா?” என்று அவர் கேட்டார்.

“நேரமாயிற்று, அடுத்த ஆள் வரட்டும்” என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. தலையிலிருந்த கொங்காணியைச் சரிசெய்துகொண்டு மழையில் இறங்கிப் போனார். யான் அரைப்பேர் எழுதினேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. செக்றோலில் அவருக்கு இருந்தது ஓர் இலக்கம். எனக்கு அவர்மேற் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. பசியும் குளிருமே இருந்தன.

சில வாரங்களின் பின், தந்தையார் தந்த நூலில் நீரோ பேனாவைப் பிடித்து வருந்திய பகுதியைப் படித்தேன். நீரோவாவது ஒரு முறை வருந்தினான். யான் வருந்தவும் இல்லையே என்ற எண்ணம் என்னை வாட்டியது. மறுநாள் தலைமைக் கிளாக்கரிடம் சென்று சொன்னேன். அம்மாதச் சம்பளம் கொடுத்தாயிற்று, இனித் திருத்த இயலாது என்றார். அவர் கூறியது விதிப்படி சரியே. அந்தப் பாதிநாட் கூலி இன்றுவரை கொடுபடாத கடனாகவே நிற்கின்றது. அதன்பின் யான் அங்கிருந்த காலம் முழுவதும் ஒன்றை மட்டும் செய்தேன்: தராசின் முள்ளைக் கொழுந்து கொண்டுவந்தவர் பார்க்கும்படி நிறுக்கச் செய்தேன், எடையையும் கழிவையும் உரக்கச் சொல்லிய பின்னரே எழுதினேன். மீண்டும் நிறுக்கச் சொல்பவருக்கு மறுக்கவில்லை. இது பெரிய சீர்திருத்தம் அன்று. எனினும் மடுவத்தில் முணுமுணுப்புக் குறைந்தது. என் மனத்திலும் குறைந்தது.

சிறு படியில் நிகழ்வதே பெரும்படியிலும் நிகழ்கின்றது. உரோமக் குடிமகன் நான் என்ற ஒரு சொல் அக்காலத்திற் பெருங் கவசமாக இருந்தது. விடுதலை பெற்ற அடிமைகளும் முறைப்படி விடுவிக்கப்பட்டால் அக்குடியுரிமையைப் பெற்றனர். கி.பி. 212 இற் கரக்கல்லா பேரரசன் பேரரசிலிருந்த சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் அதனை வழங்கினான். வரி பெருகும் என்ற ஆசையே காரணம் என்றார் அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர். நோக்கம் எதுவாயினும் கதவு திறந்தது. நம் நாட்டில் 1947 தேர்தலில் மலைநாட்டு மக்கள் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் அக்கதவை அடைத்தன. 1964 இல் இரு நாட்டுத் தலைவர்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். நிறுக்கப்பட்டவர்கள் தராசைப் பார்க்கவில்லை; எடையை உரக்கச் சொல்லவும் ஒருவரும் இல்லை. எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது.

வாக்கில்லாதவர் சொல் ஏறாது என்பது அன்றையநிலை. வாக்கு வந்தபின்னும் பழைய செவிட்டுத்தனம் எளிதில் நீங்குவதில்லை. பூனாகலைக்கு அயலிலுள்ள கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அவ்விடம் ஆபத்தானது, மக்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. 2023 மார்ச்சிற் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து லயன் வீடுகள் அழிந்தன. எச்சரிக்கை இருந்தது, அது படிகளின் வழியே இறங்கி, லயத்து வாசலில் உள்ளவர்க்கு வேறு வீடாக வந்து சேரவில்லை. இதிற் கொடியவன் ஒருவனைத் தேடினால் அகப்படமாட்டான். நேரமாயிற்று, அடுத்தது வரட்டும் என்று சொன்ன பலரே அகப்படுவர். அவர்களை எனக்கு நன்கு தெரியும், யானும் ஒரு மழைநாளில் அவர்களுள் ஒருவனாக இருந்தேன்.

உரோமர் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவே. அதிகாரம் மனிதனைக் கெடுப்பது பெரும்பாலும் கொடுமையினால் அன்று, பழக்கத்தினாலே. ஆதலால் ஆள்பவனின் நற்குணத்தை மட்டும் நம்பியிராது, காலவரையறை, பங்கிட்ட பொறுப்பு, கேட்கப்படும் கணக்கு, திறந்த கதவு ஆகிய நான்கு வேலிகளையும் காத்தல் வேண்டும். வேலி இல்லாத இடத்தில் செனெக்காவைப் போன்ற பேரறிஞர் ஆசிரியராக அமைந்தும் பயன் விளையவில்லை.

இக்கல்லூரியிற் கற்கும் மாணவர்கள் நாளை ஆசிரியராக, வைத்தியராக, நீதவானாக, முகாமையாளராக அமர்வர். எவருக்கும் ஒரு பேனா கிடைக்கும். அதற்கு எதிரே நனைந்த தலையோடு ஒருவர் நிற்பார். அவ்வேளையில் அவர் பெயரைக் கேளுங்கள். தராசை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். மீண்டும் நிறுக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்தீவின் மன்னன் ஒருவன் அந்நியரின் காசைக் கையில் ஏந்தி நிறுத்துப் பார்த்து அவர்தம் நேர்மையை அறிந்தான். நம் கையிலிருந்து பிறர் கைக்குச் செல்வனவற்றை யாரேனும் நிறுத்துப் பார்ப்பின், அவையும் ஒத்த எடையுடையனவாக நிற்பனவாக. அதுவே இக்கல்லூரிக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.